குன்னூரில் கண்மூடியவர், கோத்தகிரியில் கண்விழித்தவர்

குன்னூரில் தேயிலை ருசிபார்க்கும் வேலையில் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் போஜன், வயது 55, பிறந்தது கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படகர் ஊரில். காலையில் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக ஆவி பறக்க நிற்கும். கரண்டியில் அள்ளுவார், அறை முழுக்கக் கேட்கும்படி சர்ரென்று உறிஞ்சுவார், நாக்கில் ஓர் உருட்டு உருட்டித் தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்ந்துவிடுவார். பனி விழும் மாதத்தில் கிள்ளிய கொழுந்தா, மழைக்காலக் கொழுந்தா என்பதை ஒரு வாயிலேயே சொல்லிவிடுவார். முப்பது வருடப் பழக்கம்.

இந்தப் போஜனைக் குன்னூரில் ஓர் இயந்திரத்தில் படுக்கவைக்கிறார்கள். அவர் மூளையின் ஒவ்வொரு நரம்பணுவும், அவற்றுக்கிடையே உள்ள ஒவ்வொரு இணைப்பும் ஒன்று விடாமல் பதிவாகின்றன. அந்தப் பதிவு கோத்தகிரியில் உள்ள ஒரு கணினிக்குப் போகிறது. அந்தக் கணினிக்கு ஓர் உடலும் கொடுத்திருக்கிறார்கள். பேச வாய், ருசிக்க நாக்கு எல்லாம் உண்டு. அது கண்விழிக்கிறது. "நான்தான் போஜன். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லையே!" என்கிறது. பேரகணி ஹெத்தையம்மன் திருவிழாவில் சிறுவயதில் கூட்டத்தில் தொலைந்துபோனதைச் சொல்கிறது. தேநீர் கொடுத்தால் உறிஞ்சித் துப்பிவிட்டுச் சரியாகச் சொல்கிறது: பனிக்காலக் கொழுந்து.

இது போஜன்தானா?

கேட்ட உடனே ஆளுக்கொரு பதில் வைத்திருப்போம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே ஒட்டிக்கொண்டிருப்பவை இரண்டு கேள்விகள். கோத்தகிரியில் இருப்பதற்குப் பிரக்ஞை உண்டா என்பது ஒன்று. பிரக்ஞை என்றால் பெரிய தத்துவச் சரக்கு ஒன்றும் இல்லை; பல் வலித்தால் வலிக்கிறதே, தேநீரின் துவர்ப்பு நாக்கில் தெரிகிறதே, உள்ளிருந்து உணரும் அந்த நிலைதான். பிரக்ஞை இருந்தாலும், அது குன்னூரில் படுத்த அதே ஆளா என்பது மற்றொன்று. முதலாவதற்கு 'ஆம்' என்றும் இரண்டாவதற்கு 'இல்லை' என்றும் பதில் சொல்வதில் முரண்பாடு எதுவும் இல்லை. பெரும்பாலான வாய்ச்சண்டைகள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருபவை.

கேள்விகளுக்குள் போகுமுன், அந்த இயந்திரம் நமக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவுக்கு நரம்பணுக்கள் மொத்தமே 302. அவற்றின் இணைப்புப் படம் 1986இலேயே வெளியாகிவிட்டது. 2024இல் பழ ஈயின் முழு மூளைக்கும் படம் வந்தது: ஏறத்தாழ 1,39,000 நரம்பணுக்கள், 5 கோடிக்கும் அதிகமான இணைப்புகள். அதே ஆண்டு மனித மூளையிலிருந்து ஒரே ஒரு கன மில்லிமீட்டர் துணுக்கின் வரைபடமும் வெளியானது. வலிப்பு நோய்க்கான அறுவைச் சிகிச்சையின்போது எடுத்த துணுக்கு அது. அதில் சுமார் 57,000 செல்கள், 15 கோடி இணைப்புகள். அந்தக் கடுகளவுத் திசுவின் படங்களைச் சேமிக்க 1,400 டெராபைட் தேவைப்பட்டது. முழு மூளை என்றால் இதைப்போல் ஏறக்குறைய 12 லட்சம் மடங்கு.

நம் பக்கத்திலும் வேலை நடக்கிறது. சென்னை ஐஐடியின் மூளை ஆய்வு மையம், கருவில் வளரும் குழந்தையின் மூளையை 5,132 சீவல்களாகப் படமெடுத்து 'தரணி' என்ற பெயரில் 2024இல் உலகுக்குத் திறந்துவிட்டது. செல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று அதில் பார்க்கலாம். போஜனைப் பிரதி எடுக்க அது போதாது. இணைப்புகள் அளவுக்கு நுணுக்கமாக இறங்க வேண்டும்.

'சீவல்' என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். இன்றுள்ள முறையில் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமானால் மூளையை வேதிப்பொருளில் ஊறவைத்து உறையச்செய்து, மெல்லிய ஏடுகளாக அறுத்துத்தான் ஆக வேண்டும். அப்படி ஏடெடுத்த மூளையின் சொந்தக்காரர் பிறகு வீட்டுக்குப் போக மாட்டார். உள்ளே ஆளிருக்கும்போதே, ஒரு கீறலும் இல்லாமல் பதிவெடுக்கும் இயந்திரம் கற்பனைதான். இன்னொன்றும் உண்டு. படம் கையில் கிடைத்தாலும் எது எதோடு இணைந்திருக்கிறது என்றுதான் தெரியும். ஒவ்வோர் இணைப்பும் எவ்வளவு வலுவானது, எந்த வேதிப்பொருள் எப்போது அதைத் தூண்டுகிறது, எப்போது அடக்குகிறது என்பதெல்லாம் அந்தப் படத்தில் முழுமையாக இல்லை. 302 நரம்பணுப் புழுவின் படம் வந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் புழு நெளிவதைக் கணினியில் ஒன்று குறையாமல் நெளியவைக்க இன்னும் முடியவில்லை. ஆகவே நாளைக்கே யாராவது வந்து உங்களுக்குச் 'சாகா வரம்' விற்றால் பணப்பையை மூடிக்கொள்ளுங்கள்.

சரி, இயந்திரம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு முதல் கேள்விக்கு வருவோம். கோத்தகிரிப் போஜனுக்குத் தேநீர் ருசிக்கிறதா? ருசிப்பது போலப் பேசுகிறது என்பது தெரியும். உள்ளே ருசி என்று ஒன்று நடக்கிறதா?

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் சேர்ல் 1980இல் ஒரு மடக்கு மடக்கினார்: கணினிக்குள் மழைப்புயலை உருவாக்கிப் பார்ப்பதால் யாரும் நனைந்துவிடுவதில்லை, மூளையைக் கணினிக்குள் உருவாக்கினால் மட்டும் பிரக்ஞை எப்படி வந்துவிடும்? மலையில் இருப்பவர்களுக்கு இது உடனே உறைக்கும். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் சந்தையில் குடையோடு நிற்பதும், கைபேசியில் மழை வரைபடம் பார்ப்பதும் ஒன்றா?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாமே மழையைப் போல இல்லை. கணினிக்குள் ஒரு கால்குலேட்டரை உருவாக்கி அதில் ஏழையும் எட்டையும் கூட்டச் சொன்னால் வருவது அசல் பதினைந்துதான். போலிப் பதினைந்து என்று ஒன்று கிடையாது. மழைக்கு நீர் வேண்டும். கூட்டலுக்கு எந்தப் பொருளும் வேண்டாம், முறை சரியாக இருந்தால் போதும். எனவே ருசி, வலி போன்ற அனுபவங்கள் மழையின் இனமா, கூட்டலின் இனமா என்று கேட்க வேண்டும். கூட்டலின் இனம் என்பவர்கள், நரம்பணு செய்த வேலையைச் சிலிக்கான் செய்தாலும் அனுபவம் அங்கே இருக்கும் என்பார்கள். அறிவியலாளர்களில் கணிசமானோர் இந்தப் பக்கம்.

மறுபக்கத்தில் இத்தாலிய விஞ்ஞானி ஜூலியோ டொனோனியின் கோட்பாடு இருக்கிறது. அவர் 2004இல் முன்வைத்தது: பிரக்ஞை கணக்கில் இல்லை, அந்தக் கணக்கைச் செய்யும் பொருளின் உறுப்புகள் ஒன்றையொன்று எப்படிப் பாதித்துப் பின்னிக்கிடக்கின்றன என்பதில் இருக்கிறது. சாதாரணக் கணினியின் சில்லுகள் அப்படிப் பின்னிக்கிடப்பவை அல்ல. ஆகவே போஜனின் மூளையை அதில் எவ்வளவு துல்லியமாக ஓட்டினாலும் உள்ளே ஏறக்குறைய இருட்டுதான். கடுமையாக விமர்சிக்கப்படும் கோட்பாடு இது. ஆனாலும் ஒரு விஷயத்தை முகத்தில் அறைந்தாற்போல் காட்டுகிறது: கோத்தகிரிப் போஜன் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் சரியாக இருந்தும், உள்ளே யாருமே இல்லாமல் இருக்க வாய்ப்புண்டு. தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸ் 1995இல் 'கடினமான சிக்கல்' என்று பெயரிட்டது இதைத்தான். மூளை என்ன செய்கிறது என்பதை என்றைக்காவது முழுமையாக விளக்கிவிடலாம். செய்யும்போது ஏன் ஏதோ உணரப்படுகிறது என்பது அந்த விளக்கத்துக்குள் வராமல் வெளியே நிற்கிறது.

இதற்குமேல் முதல் கேள்வியில் யாரும் தீர்ப்புச் சொல்லும் நிலையில் இல்லை. என்னைக் கேட்டால் கூட்டலின் பக்கம் கொஞ்சம் சாய்வேன். வாதத்துக்காக அதையே ஏற்றுக்கொள்வோம்: கோத்தகிரியில் இருப்பதற்கு ருசிக்கிறது, வலிக்கிறது, பயப்படுகிறது. இப்போது இரண்டாவது கேள்வி. சுவாரசியம் முழுவதும் இங்கேதான்.

நம்மிடையே இந்தப் பேச்சை எடுத்தால் 'கூடு விட்டுக் கூடு பாய்தல்தானே, நம் சித்தர்கள் செய்யாததா' என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். திருமூலர் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாத்தனூரில் மாடு மேய்க்கும் மூலன் இறந்து கிடக்கிறான். பசுக்கள் அவனைச் சுற்றிச் சுற்றிக் கதறுகின்றன. மனம் பொறுக்காத யோகி தன் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலன் உடலில் புகுகிறார். மாலையில் மூலனின் மனைவி தொட வரும்போது, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று விலகுகிறார். உடல் மூலனுடையது, ஆள் மூலன் இல்லை. கதை கேட்கும் எவரும் இதில் தடுமாறுவதில்லை. ஆளைத் தீர்மானிப்பது உடல் அல்ல, உள்ளே இருப்பது என்று நாம் எல்லோரும் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

1694இல் ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜான் லாக் வந்து சேர்ந்த இடமும் ஏறக்குறைய இதுவே. ஓர் இளவரசனின் நினைவுகள் ஒரு செருப்புத் தைப்பவரின் உடலுக்குள் புகுந்தால், அந்த உடலில் இருப்பவர் இளவரசனே என்றார் அவர். நேற்றைய செயலை 'நான் செய்தேன்' என்று நினைவில் வைத்திருப்பதே நேற்றைய ஆளையும் இன்றைய ஆளையும் கட்டும் கயிறு.

கயிறு அறுந்தால்? ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953இல் வலிப்பைத் தணிக்க மூளையின் இரு பக்கமும் ஒரு பகுதியை அகற்றினார்கள். அதன்பின் 2008இல் இறக்கும்வரை, புதிதாகச் சந்தித்த எவரையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. அறையை விட்டு வெளியே போய்த் திரும்பி வரும் மருத்துவரிடம் மறுபடியும் அறிமுகம் செய்துகொள்வார். அதனால் அவர் தினமும் ஒரு புதிய ஆளாகிவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. அவர் இறந்தபின் அந்த மூளையை 2,401 ஏடுகளாக அறுத்து வைத்தார்கள். நினைவு முக்கியம், ஆனால் நினைவு மட்டும் போதாது என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி இல்லை.

சித்தர் கதைக்கும் பிரதிக்கும் உள்ள வேறுபாடு எண்ணிக்கையில் இருக்கிறது. கூடு பாய்தலில் ஒன்று கிளம்புகிறது, ஒன்று போய்ச் சேருகிறது. கணக்கு எப்போதும் ஒன்றுதான். பிரதியில் குன்னூரிலிருந்து எதுவும் கிளம்புவதில்லை. மூளையின் அமைப்பு படிக்கப்படுகிறது, அதைப் பார்த்து இன்னொன்று கட்டப்படுகிறது. குன்னூர்ப் போஜன் எழுந்து, தலையைச் சொறிந்துகொண்டு, வீட்டுக்குப் பஸ் பிடிக்கப் போகலாம். அங்கே கோத்தகிரிப் போஜன் ஏற்கெனவே நடையேறி, மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். ரேஷன் அட்டையில் ஒரு போஜன்தான். கூட்டுறவு வங்கியில் வாங்கிய கடனுக்கும் ஒரு போஜன்தான் (இதற்கு மட்டும் இருவருமே மற்றவரைக் கைகாட்டுவார்கள்). ஒருவர் இருவராக முடியாது. இருவரும் எவ்வளவுதான் ஒத்திருந்தாலும் இவருக்குக் காலில் முள் குத்தினால் அவருக்கு வலிக்காது.

ஊட்டி மலை ரயிலைப் பார்த்தவர்களுக்கு இது எளிது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பற்சக்கரத்தில் ஏறும் அந்த நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் கட்டப்பட்டவை. பிற்காலத்தில் அதே வடிவத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் எஞ்சின்கள் கட்டப்பட்டன. பழைய எஞ்சினில் குழாய்கள் மாறும், பற்சக்கரம் தேய்ந்து புதிது வரும். இத்தனை மாறியும் அது பழைய எஞ்சின்தான். பொன்மலை எஞ்சின் எவ்வளவு ஒத்திருந்தாலும் வேறு எஞ்சின்தான். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் சந்தேகமே வராது. நாமும் ஓரளவு அந்தப் பழைய எஞ்சின் மாதிரிதான்: மூளைப் புறணியின் நரம்பணுக்கள் பெரும்பாலும் நம் வயதேதான், ஆனால் அவற்றின் உள்ளே உள்ள புரதங்கள் ஓயாமல் சிதைந்து புதிதாகிக்கொண்டே இருக்கின்றன. போஜன் முப்பது வருடத்துக்குமுன் ருசித்த தேநீரை நினைவில் வைத்திருக்கும் பொருட்களில் பெரும்பங்கு அப்போது இருந்தவை அல்ல.

இனி ஒரு பொறி. 'கோத்தகிரியில் இருப்பதையே கேட்டுவிட்டால் போயிற்றே' என்று தோன்றும். அதுதான் கூடாது. பிரதி சரியாக எடுக்கப்பட்டிருந்தால் அது 'நான்தான் போஜன், குன்னூரில் கண்மூடினேன், இங்கே கண்விழித்தேன், ஒரு வலியும் இல்லை' என்றுதான் சொல்லும். போஜன் உண்மையில் வந்து சேர்ந்திருந்தாலும் அதையே சொல்லும்; குன்னூரிலேயே செத்துப்போயிருந்தாலும் அதையே சொல்லும். இரண்டு நிலையிலும் ஒரே வாக்குமூலம் வருமானால் அது எதற்கும் சாட்சியம் ஆகாது. பொய் சொல்கிறது என்று அர்த்தமில்லை, முழு மனதோடு நம்பித்தான் சொல்கிறது. இப்படி ஆயிரம் பேர் போய், ஆயிரம் பேரும் 'அருமையாக இருந்தது, நீங்களும் வாருங்கள்' என்று சொன்னாலும் நமக்குத் தெரிவது பூஜ்ஜியம். வாடிக்கையாளர் எல்லோரும் திருப்தியாக இருப்பதே எதையும் நிரூபிக்காத ஒரே வியாபாரம் இதுவாகத்தான் இருக்கும்.

'தினமும் தூங்கி எழுகிறோமே, அதிலும் இடையே நினைவில்லைதானே' என்று எதிர்வாதம் வரும். நல்ல வாதம். தூக்கத்தில்கூட மூளை ஓய்வதில்லை என்று தப்பிக்கலாம், ஆனால் அதைவிட வலுவான எடுத்துக்காட்டு இருக்கிறது. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியில் சில அறுவைச் சிகிச்சைகளுக்காக உடலை 20 டிகிரி செல்சியஸுக்கும் கீழே குளிர்வித்து ரத்த ஓட்டத்தையே நிறுத்துகிறார்கள். மூளையின் மின்னலைகள் தட்டையான கோடாகிவிடும். பிறகு சூடேற்றினால் நோயாளி தன் நினைவுகளோடு எழுகிறார். இதிலிருந்து ஒன்று தெளிவு: நாம் யார் என்பது ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தில் இல்லை, நின்றாலும் கலையாத அமைப்பில் இருக்கிறது. பிரதியை நம்புகிறவர்களுக்கு இது பெரிய பலம். ஆனால் அங்கே எழுந்தது அதே மூளை. அமைப்பு நிலைத்தது என்பதால், அமைப்பை வேறிடத்தில் திரும்பக் கட்டினால் ஆள் அங்கே போய்விடுவார் என்று ஆகிவிடாது.

டெரக் பார்ஃபிட் என்ற பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் 1984இல் வேறொரு வழி காட்டினார். 'அது நானா' என்று கேட்பதையே விட்டுவிடுங்கள் என்றார். என் நினைவு, ஆசை, குணம் இவற்றின் தொடர்ச்சி எங்கோ இருக்கிறதா என்பதே பொருட்டு. அதற்கு மேல் 'நான்' என்று ஓர் ஆழமான பொருள் இல்லை. இப்படிப் பார்க்கத் தொடங்கியதும் தனக்குச் சாவு பற்றிய பயம் குறைந்ததாக அவரே எழுதியிருக்கிறார். போஜனின் மனைவிக்கு இந்தப் பதில் போதுமாயிருக்கலாம். வீட்டுக்கு வந்திருப்பவர் சிரிப்பதும் முணுமுணுப்பதும் போஜனைப் போலவே. பேரனுக்கும் போதும். குன்னூரில் படுத்திருப்பவருக்குப் போதுமா?

இப்படி யோசித்துப் பாருங்கள். வழக்கமாகப் பதிவெடுத்த கணமே குன்னூர் உடல் அழிக்கப்பட்டுவிடும். இன்றைக்கு ஏதோ கோளாறு, ஒரு மணி நேரம் தாமதம். போஜன் கண்விழிக்கிறார். பணியாளர் வருகிறார்: "ஐயா, கவலைப்படாதீர்கள். கோத்தகிரியில் நீங்கள் நலமாக எழுந்துவிட்டீர்கள், தேநீர்கூடக் குடித்தாயிற்று. இங்கே இருக்கும் உங்களை மட்டும் முடித்துவிட்டால் வேலை தீர்ந்தது." போஜன் என்ன செய்வார்? ஓடுவார். நானும் ஓடுவேன். அந்த ஒரு மணி நேரத்தால் கோத்தகிரியில் எதுவும் மாறவில்லை. அப்படியானால் தாமதம் இல்லாத நாட்களிலும் குன்னூரில் நடப்பது இதே கொலைதான்; வேகத்தால் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதனால் என் பதில்: பிரதிக்குப் பிரக்ஞை இருக்கலாம், அதற்கு மரியாதையும் உரிமையும் கொடுக்க வேண்டியிருக்கும், ஆனால் போஜன் அதில் இல்லை. நான் அந்தப் படுக்கையில் படுக்க மாட்டேன்.

இந்தப் பதிலுக்கும் ஓர் ஓட்டை உண்டு, அதையும் காட்டிவிடுகிறேன். போஜனைப் படுக்கவைக்காமல், அவர் ருசிபார்க்கும் மேசையில் நிற்கும்போதே ஒரே ஒரு நரம்பணுவை எடுத்துவிட்டு அதே வேலையைச் செய்யும் செயற்கை அணுவைப் பொருத்துகிறார்கள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு நாளொன்றுக்கு ஒரு கோடிக்கும் அதிகமாக. இப்படி 20 வருடத்தில் 8,600 கோடியும் மாறிவிடுகின்றன. எந்த நாளிலும் அவர் கையிலிருந்த கரண்டி நிற்கவில்லை. இவர் போஜன் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. வின்டர்தூர் எஞ்சினை ஒப்புக்கொண்டவன் இதையும் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். சரி, 20 வருடத்துக்குப் பதில் 20 நாளில் மாற்றினால்? அதுவும் போஜன்தான் என்பேன். 20 நிமிடத்தில்? கொஞ்சம் தயங்குவேன். எல்லாவற்றையும் ஒரே நொடியில் எடுத்துவிட்டு, மறுநொடியில் செயற்கை அணுக்களை அதே மண்டையோட்டுக்குள் அடுக்கினால்? அது ஏறக்குறைய குன்னூரில் நடந்ததேதான், கோத்தகிரிக்குப் பஸ் ஏறவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். இந்த வரிசையில் எந்த இடத்தில் போஜன் இறந்தார் என்று என்னால் கோடு போட முடியவில்லை. கோடு போட முடியாததால் கோடே இல்லை என்று பார்ஃபிட் சொல்வார். மலையடிவாரம் எந்தக் கல்லில் தொடங்குகிறது என்று காட்ட முடியாவிட்டாலும் மேட்டுப்பாளையம் வேறு, குன்னூர் வேறு என்று நான் சொல்வேன்.